எனக்காக வளர்த்த தாடி

தூசிக்கு மாட்டும் ரப்பர் மாஸ்க், அந்த முகக்கவரியின் உட்பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சுற்று இழுத்தேன். விரல் வெள்ளையாக வந்தது.

வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் நான் சந்தோஷப்படுவேன். தூசி வெளியிலேயே நின்றுவிட்டது. உட்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதை மாட்டியிருந்தவர் அந்தத் தூசியைத்தான் இழுத்து இழுத்துச் சுவாசித்திருக்கிறார். இந்த ஒரு பாடத்தை முப்பத்தோரு வருடம், மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்து சம்பளம் வாங்கியவன் நான். அந்த முகக்கவரி என் தங்கை கணவர் குமரேசனுடையது. அதைத் தேர்ந்தெடுத்து, முகத்தில் பொருத்திப் பார்த்து, இனிமேல் கவலையில்லை என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

அன்று நான் இருந்தது அவருடைய கல் வெட்டும் பட்டறையில். கல் சாய்த்து வைத்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதுகூட அந்த விரலை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதச் சொன்னது கவிதா. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பாதுகாப்பு அதிகாரி அவள்தான். முகக்கவரி முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க அவர்களுக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறது. வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை துகள் என்று அதுவே எண்ணித் திரையில் காட்டிவிடும். "அங்கிள், மெஷின் வந்ததும் பசங்களுக்கு ரொம்ப தைரியம் வந்திருச்சு லா. பச்சை லைட் எரிஞ்சா போதும்னு நினைக்கிறாங்க. உங்க சர்வீஸ்ல பாத்த ஒரு கேஸ எழுதிக் குடுங்களேன்" என்றாள். சர்வீஸில் பார்த்ததை எழுதுவது சுலபம். ஓய்வு பெற்ற பிறகு, கண் முன்னால் இருந்தும் நான் பார்க்காமல் விட்டதை எழுதுகிறேன்.

நான் அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். ஐந்தாம் படிவம் முடித்ததும் செங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் மண் கலக்கும் பகுதி, அடுத்து பூச்சுப் பகுதி, பிறகு கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்தால் பாதுகாப்புப் பிரிவில் உதவியாளர். சில பயிற்சிகள், ஒரு சான்றிதழ். என் படிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் மிஸ்டர் அருளம்பலம் போட்ட பிச்சை.

அருளம்பலம் சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மலாக்கா நகரில் பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் யாருடையதோ ஒரு பழைய பெயர் அட்டை இருக்கும். காலையில் தூசிப் பகுதியின் வாசலில் நின்றுகொள்வார். வருகிறவனின் தாடையில் அந்த அட்டையின் ஓரத்தைக் கீழிருந்து மேலாக மெல்ல இழுப்பார். சத்தம் வராவிட்டால் "ஓம், போம்." சரக் என்று சத்தம் வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து சவரக் கத்தி ஒன்றை எடுத்து நீட்டுவார். அவன் முகம் கழுவும் இடத்துக்குப் போய் மழித்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவார். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வந்தார். அவர் தாடையிலும் அட்டை போனது, சரக்கென்றது. பெரியவர் சிரித்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்.

புதிதாகச் சேர்ந்தவன் ஏன் என்று கேட்பான். அதற்காகவே காத்திருந்தவர்போல சார் அவனை உட்கார வைப்பார்.

"இஞ்சை பாரும். நெஞ்சைக் கெடுக்கிற தூசி உம்மடை கண்ணுக்குத் தெரியாது. அப்பிடிப் பத்துத் தூசி கை கோத்துக்கொண்டு நிண்டாலும் உம்மடை தாடியிலை ஒரு மயிரின்ரை தடிப்புக்குக் காணாது. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவிலை மயிர் கிடந்தால் அதுக்கு ரெண்டு பக்கமும் வாசல். மூச்சை இழுக்கேக்கை காத்து ஃபில்டருக்குள்ளாலை கஷ்டப்பட்டு ஏன் வருது? வாசலாலைதான் வரும்."

மயிர் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்துப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் பேச்சில் அது வெறும் முடிதான். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். ஒருநாள் நான் பொறுமையில்லாமல், "விதியை மட்டும் சொன்னா போதாதா சார்? ஏன் இவ்வளவு நேரம்?" என்றேன்.

"விதியை மட்டும் சொன்னீர் எண்டால் நீர் வாசல்லை நிக்கேக்கை மட்டும்தான் கேப்பான், அந்தோணி. காரணத்தைச் சொன்னீர் எண்டால் நீர் இல்லாத இடத்திலையும் கேப்பான்" என்றார்.

இதை அப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

மாரிமுத்து என்ற ஒருவர் அரைக்கும் பகுதியில் இருந்தார். ஒரு கார்த்திகையில் மலைக்கு மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டிக்குப் பதில் கறுப்புக் கால்சட்டையும் முகத்தில் தாடியுமாக வந்து நின்றார். சார் அட்டையை எடுக்கவே இல்லை. மாரிமுத்து கை கூப்பி, "சார், சாமி விஷயம். மழிக்கச் சொல்லிடாதீங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று, இன்று பெரிய சண்டைதான் என்று நினைத்தேன். சார் தலையை ஆட்டினார். "உம்மடை சாமியோடை எனக்குச் சண்டை இல்லை. தூசியோடைதான்" என்றார். மாலை கழற்றும் வரை மாரிமுத்துவை ஸ்டோருக்கு மாற்றினார். அவருடைய சாமியும் தப்பித்தது, நெஞ்சும் தப்பித்தது. சார் ஓய்வு பெற்றுப் போனபோது அந்தப் பெயர் அட்டையை என்னிடம் கொடுத்தார். அதன் பிறகு வாசலில் நின்றவன் நான்.

எத்தனை தாடைகள்! எதிரே ஒருவர் வந்தால் மற்றவர்கள் கண்ணைப் பார்ப்பார்கள், நான் தாடையைப் பார்ப்பேன். பேருந்தில், தேவாலயத்தில், கல்யாண வீட்டில், எங்கும் அப்படித்தான். என் மனைவி இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

இப்போது குமரேசனிடம் வருகிறேன். என் தங்கை ரோசம்மாவின் கணவர். நாங்கள் வேதக்காரர்கள், அவர் இந்து. இரு வீட்டிலும் கொஞ்ச நாள் முகம் தூக்கிக்கொண்டு, பிறகு பேரப்பிள்ளைகள் பிறந்ததும் எல்லாம் சரியாகிப்போன கல்யாணம். அவர் ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், பல வருடம் சமையலறை மேடைக்குக் கல் வெட்டும் வேலை பார்த்தார். நான் ஓய்வு பெற்ற மறுவருடம் தவுக்கே கடையை மூடிவிட்டார். குமரேசன் கிளேபாங்கில் தன் தெரஸ் வரிசை வீட்டின் பின்பக்கத்தில் தகரக் கூரை இறக்கிச் சொந்தமாகப் பட்டறை போட்டுக்கொண்டார்.

முதல்முறை அங்கே போனபோதே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் கிரைண்டர். முகத்தில் கோவிட் காலத்து நீல நிற மாஸ்க், அதன் மேல் ஈரத் துண்டு ஒரு கட்டு. கூரை, செடி, துணிக்கொடி எல்லாம் வெள்ளை. அந்தப் புகை மூட்டத்துக்குள்ளிருந்து கையை ஆட்டி, "வாங்க மச்சான்! சாப்பிட்டாச்சா?" என்றார்.

"முதல்ல அந்த மெஷின நிப்பாட்டுங்க மாப்ள" என்று கத்தினேன்.

அவர் வெட்டிக்கொண்டிருந்தது மலையிலிருந்து வந்த கல் அல்ல. இப்போது சமையலறைகளுக்கு எல்லோரும் கேட்கும் பளபளப்பான பலகை. படிகக் கல்லைப் பொடியாக்கிப் பசை ஊற்றி இறுக்கியது. வெட்டினால் மறுபடி பொடி, அத்தனையும் சிலிக்கா. பீங்கான் தொழிற்சாலையில் நாங்கள் எந்தத் தூசிக்குப் பயந்தோமோ அதே தூசி, அதைவிட அதிகமாக, என் தங்கையின் சமையலறைக்குப் பத்தடி தள்ளி.

மறுவாரம் என் பழைய பெட்டியோடு போனேன். முகக்கவரியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மற்றவற்றைப் பேசினேன். முகக்கவரி கடைசிக் கதவு, அதற்கு முன்னால் சாத்த வேண்டிய கதவுகள் உண்டு. வெட்டும்போது தண்ணீர் ஓட வேண்டும். தரையைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, நனைத்துத் தள்ள வேண்டும். சட்டையில் ஒட்டிய தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. குமரேசன் நல்ல மனுஷர். எல்லாவற்றுக்கும் "போலே, போலே" என்று, ஆகட்டும் ஆகட்டும் என்று, மலாயில் தலையாட்டினார். ஒன்றில் மட்டும் தயங்கினார்.

"ஓரம் தேய்க்கிறப்ப தண்ணி விட்டா போட்ட கோடு அழிஞ்சிருது மச்சான். அத மட்டும் காயாத்தான் செய்யணும். ஒரு அரை மணி நேரம்தான் லா."

அந்த அரை மணி நேரத்தையும் விடாதே என்று நான் மல்லுக்கு நின்றிருக்க வேண்டும். நின்றேனா? அதற்குத்தான் நல்ல மாஸ்க் கொடுக்கப்போகிறோமே என்று விட்டுக்கொடுத்தேன்.

சாப்பாட்டு மேசையில் நான்கை வரிசையாக வைத்தேன். முதலாவது அவருடைய நீல மாஸ்க். "இது நீங்க தும்முனா அடுத்தவனுக்குப் போகாம இருக்க. தூசிக்கு இல்ல" என்று குப்பையில் போட்டேன். இரண்டாவது, ஹார்டுவேர் கடைக்காரன் அவர் தலையில் கட்டியிருந்த ரப்பர் முகக்கவரி, இரு பக்கமும் கறுப்பு டப்பா. அது பெயின்ட் வாசனைக்கான கரி. கல் தூசிக்கு அதை நம்பக் கூடாது. மூன்றாவது, மூக்கையும் வாயையும் தாடையையும் மூடும் அரைமுக ரப்பர் முகக்கவரி, இரு பக்கமும் நுண்தூசிக்கான தட்டை வடிகட்டி. நான்காவது, தலை முழுக்க மூடும் தொப்பி. இடுப்பில் பேட்டரி விசிறி கட்டி, வடிகட்டிய காற்றைக் குழாய் வழியாக முகத்துக்கு ஊதும். அதைக் கவிதாவிடம் இரவல் வாங்கிக் காட்டுவதற்காகக் கொண்டு போயிருந்தேன்.

குமரேசன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "நிலாவுக்குப் போற மாதிரி இருக்கு" என்றார். ரோசம்மா சிரித்துச் சிரித்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய ஒரு பட்டியல் உண்டு. என்ன தூசி, எவ்வளவு நேரம், மூக்குக் கண்ணாடி உண்டா, நெஞ்சு நோய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்திய கேள்வி தாடி.

"தாடி வைப்பீங்களா?"

"நானா? ரோசா வீட்டுக்குள்ளயே விட மாட்டா."

மூவரும் சிரித்தோம். தாடி இல்லை என்று எழுதினேன். தாடி இருந்திருந்தால் அரைமுகக் கவரி கூடாது, தொப்பிதான். இல்லையென்றால் அரைமுகமே போதும். இலகுவானது, பேட்டரி வேண்டாம். மூன்றாவதைக் கையில் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கேட்டேன் என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் புதிதாக வந்த எவனுக்கும் சொல்லாமல் விட்டதில்லை. இங்கே தங்கை போட்ட மீன் குழம்பு வாசனை, சிரிப்பு, மாப்பிள்ளை. அந்தப் பத்துத் தூசி, ஒரு மயிர்க் கணக்கை இங்கே போய் எதற்கு என்று நினைத்தேனா? அதுகூட இல்லை. நினைக்கவே இல்லை.

பொருத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். முதலில் முகக்கவரி இல்லாமல் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தை மாட்டி, அதன் ஓட்டை வழியாகக் கசப்பு மருந்தைப் பீச்சினேன். முகத்தைச் சுளித்து, "வேப்பெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார். அவருடைய நாக்கு வேலை செய்கிறது. பிறகு முகக்கவரியை மாட்டி மறுபடி பீச்சினேன். மெதுவாக மூச்சு விட, ஆழமாக மூச்சு விட, தலையை இடம் வலம் திருப்ப, மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன். அடுத்தது பேச்சு. தாடை அசையும்போதுதான் முகக்கவரி விலகும். எதையாவது உரக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றேன். தவுக்கேயிடம் வேலைக்கு வருடக்கணக்கில் பஸ்ஸில் போனவர் அல்லவா, நிறுத்தங்களைச் சொன்னார்.

"கிளேபாங், லிம்போங்கான், தெங்கேரா, மலாக்கா! மலாக்கா, தெங்கேரா, லிம்போங்கான், கிளேபாங்! டிக்கெட், டிக்கெட்!"

ஒரே மூச்சில் போய்த் திரும்பி வந்தார். கசப்பு துளிகூட இல்லை. அன்று அவருக்கு வழுவழுவென்று மழித்த முகம்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மாசி மகம் முடிந்த வாரத்தில் எனக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று குழாய் அடைப்பு, அறுவைச் சிகிச்சை. நான் மயக்கத்தில் கிடந்தபோது என் மனைவி மாதாவிடம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். குமரேசன் மருத்துவமனையிலிருந்து நேரே செங் மலைக் கோயிலுக்குப் போயிருக்கிறார். மச்சான் பிழைத்து எழுந்தால் அடுத்த மாசி மகம் வரை முடி எடுக்க மாட்டேன், அன்று பால் குடம் தூக்கி மலையேறி உன் காலடியில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் பிழைத்தேன். இரண்டு மாதத்தில் நடமாடத் தொடங்கினேன். வருடக் கடைசியில் அவருடைய தாடி நெஞ்சைத் தொட்டது. கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாடியைப் பிடித்துப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பேசியில் படம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் நின்று பார்ப்பவருக்கெல்லாம் காட்டினேன். "என் தங்கச்சி வீட்டுக்காரரு. வேற சாமி கும்பிடுறவரு. எனக்காக வளக்கிறாரு பாருங்க" என்றேன்.

முப்பத்தோரு வருடம் தாடையைப் பார்த்த கண் இது. அந்தப் படத்தை எத்தனை தடவை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருப்பேன்! அதில் என் மேல் அவர் வைத்த பாசம் தெரிந்தது. முகக்கவரி ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. இப்படியும் ஒருவனுக்குக் கண் அவியுமா?

அடுத்த மாசி மகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரோசம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, அவருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. நேத்து கோயில் படியில பாதியில உக்காந்துட்டாரு. எடை வேற குறைஞ்சிருச்சு. கேட்டா தாப்பா, ஒண்ணுமில்லேங்கிறாரு. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றுதான் போனேன். குமரேசன் கடைக்குப் போயிருந்தார். ரோசம்மா தேநீர் கலக்க, நான் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தரை ஈரம். தண்ணீர்க் குழாய் வெட்டும் இயந்திரத்தோடு கட்டியிருந்தது. நான் சொன்னபடியே முகக்கவரி ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. பெருமையாக அதைக் கையில் எடுத்தேன். தாடையில் உட்காரும் ரப்பர் விளிம்பில் ஒரு நீளமான நரைத்த முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் உள்ளே விரலை விட்டேன்.

ரோசம்மா தேநீரோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "என்னாண்ணே? நெஞ்சு வலிக்குதா?" என்றாள். பிறகு என் கையிலிருந்த முகக்கவரியைப் பார்த்து அவளாகவே சொன்னாள்: "நீ குடுத்ததுதான். ஒரு நாள்கூட அதப் போடாம மெஷின தொட்டது இல்ல. நாங்கூடச் சொல்லுவேன், உங்க மச்சான் சொன்னா வேதவாக்குன்னு."

நெஞ்சு நிபுணரிடம் நானே அழைத்துப் போனேன். எக்ஸ்ரே, ஸ்கேன், சளிச் சோதனை. காச நோய் இல்லை என்று வந்தபோது ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் போடவில்லை. காச நோயாக இருந்திருந்தால் அதற்கு மருந்து இருந்தது.

டாக்டர் ஒரு சீனப் பெண், சின்ன வயது. திரையில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. என்ன வேலை என்று கேட்டார். குமரேசன் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். மாஸ்க் போட்டீர்களா என்று அடுத்த கேள்வி.

"போட்டேன் டாக்டர், டெய்லி போட்டேன்" என்று குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைக் காட்டினார். "இவரு என் மச்சான். பெரிய கம்பெனில சேப்டி ஆபிசரா இருந்தவரு. அவரே செலக்ட் பண்ணி, டெஸ்ட் பண்ணிக் குடுத்தாரு."

டாக்டர் அவருடைய தாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எந்தத் தொழிற்சாலையிலும் எந்த முதலாளியும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் என்றிருந்தது.

படிந்த தூசி திரும்பி வராது, தழும்பு ஆறாது, இனிக் கல்லைத் தொடவே கூடாது, இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: இது தவுக்கேயிடம் வேலை செய்த காலத்துத் தூசியா, இந்த ஒரு வருடத்துத் தூசியா? இரண்டும் சேர்ந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலில் நான் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் சொல்லிவிட்டேன். தாடி இருந்தால் ரப்பர் ஒட்டாது, பத்துத் தூசி கை கோத்தாலும் ஒரு முடியின் தடிமன் வராது, இரு பக்கமும் வாசல் என்று அருளம்பலம் சார் சொன்ன அத்தனையும். ஒன்றரை வருடம் தாமதமாக.

குமரேசன் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா மச்சான். முடி வந்ததும் கொஞ்சம் லூசா இருந்துச்சு. அதான் பட்டைய இன்னும் இழுத்துக் கட்டுனேன். கன்னமெல்லாம் கோடு விழுந்திரும்" என்றார். பிறகு, "அப்போ இந்தத் தாடிதானா?"

"தாடி இல்ல மாப்ள. நான். ஏன் கேட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க எனக்கு ஒரு போன் அடிச்சிருப்பீங்க. அந்தத் தொப்பிய வாங்கிக் குடுத்திருப்பேன். உங்க வேண்டுதலும் கெட்டிருக்காது, நெஞ்சும் கெட்டிருக்காது."

"அப்படியெல்லாம் பேசாதீங்க மச்சான், சாமி கோவிச்சுக்கும். உங்க உயிருக்காக வளத்தது. நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

நன்றாக இருந்தேன். மருத்துவமனைப் படியை நான் ஒரே மூச்சில் இறங்கி வந்திருந்தேன். அவரை ரோசம்மா கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று என் மனைவி பிற்பாடு ஆறுதல் சொன்னாள். சறுக்கியது யானை, நசுங்கியது வேறு ஆள்.

பட்டறையை அன்றே பூட்டினோம். தாடியை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டார். மாசி மகத்தன்று பால் குடத்தோடு மலையேறினார். கோயில் பக்கம் அதிகம் போகாத நான் தண்ணீர்ப் புட்டியோடு பின்னாலேயே போனேன். நான்கு இடத்தில் உட்கார்ந்தார். நான்காவது இடத்தில் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சுற்றிலும் மேளமும் கூட்டமும். அவர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. மேலே போய்ச் சேர்ந்து, பந்தலில் மொட்டை போட்டு, தாடி மழித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். மழித்த முகம் இவ்வளவு ஒட்டிப் போயிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாடி அதையும் மறைத்து வைத்திருந்தது.

அடுத்த ஞாயிறு என்னை வரச் சொன்னார். அந்தச் சோதனையை இன்னொரு தடவை செய்து காட்ட வேண்டுமாம்.

"எதுக்கு மாப்ள? அதான் இனி கல்லே தொடப்போறதில்லையே."

"தொட மாட்டேன். ஆனாலும் ஒரு தடவ பாத்துருவோம் லா. மாஸ்க் நல்ல மாஸ்க்தானான்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி. உங்களுக்கும்."

கவிதாவிடம் புதுக் கசப்பு மருந்து வாங்கிக்கொண்டு போனேன். அதே சாப்பாட்டு மேசை. அருளம்பலம் சாருடைய பெயர் அட்டையைப் பையிலிருந்து எடுத்து அவர் தாடையில் கீழிருந்து மேலாக இழுத்தேன். சத்தமே வரவில்லை. முகக்கவரியைக் கழுவித் துடைத்து, புது வடிகட்டி போட்டு மாட்டினேன். இரு வடிகட்டியையும் உள்ளங்கையால் மூடி உறிஞ்சச் சொன்னேன். ரப்பர் கன்னத்தோடு அப்பிக்கொண்டது. தலைக்கு மேல் கூடாரம். பீச்சினேன். மெதுவாக மூச்சு, ஆழமாக மூச்சு, இடம் வலம், மேலும் கீழும். கசப்பு இல்லை என்று கையால் காட்டினார். ரோசம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப பேசுங்க" என்றேன்.

"கிளேபாங்..." என்றார். "லிம்போங்கான்..."

அங்கேயே நின்றுவிட்டார். கூடாரத்துக்குள் அவர் தோள் ஏறி இறங்கியது. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கசக்குதா மாப்ள?" என்றேன்.

தலையை இல்லையென்று ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ரப்பருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கசக்கல மச்சான். நல்லா டைட்டா இருக்கு. மூச்சுதான்... தெங்கேரா வரைக்கும் வரல."